ரிப்போர்ட்ல நார்மல், சாயங்காலத்துக்குள்ள மூளை காலி: கீமோவுக்கு அப்புறம் என் ஞாபகசக்தி

கீமோ முடிஞ்சு முடி திரும்ப வளர ஆரம்பிச்சதும் சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் அப்பாடா எல்லாம் சரியாயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா முடி வந்த வேகத்துக்கு தலைக்குள்ள இருக்கிறது வரல. நான் அக்கவுண்ட்ஸ் வேலை பாக்குறவ. நம்பரோடயே இத்தன வருஷம் வாழ்ந்தாச்சு. ஒரு ஸ்க்ரீன்ல இன்வாய்ஸ் நம்பர பாத்து இன்னொரு விண்டோல டைப் பண்ணணும், அவ்ளோதான் வேலை, கண்ண இங்க இருந்து அங்க திருப்புறதுக்குள்ள கடைசி மூணு நாலு இலக்கம் காணாம போயிடும். திரும்பப் பாப்பேன், டைப் பண்ணுவேன், மறுபடியும் சந்தேகம் வரும், மறுபடியும் பாப்பேன். ஒரு மணி நேர வேலை மதியம் வரைக்கும் இழுக்கும்.

பேச்சுலயும் இதே கத. பெரிய வார்த்தை எதுவும் இல்ல, கத்தரிக்கோல், அலமாரி, சார்ஜர் இந்த மாதிரி தெனம் சொல்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்து நிக்கும், வெளிய வராது, "அந்த... வெட்றது... அத எடு"ன்னு கைய ஆட்டிக்கிட்டு நிப்பேன். என் பொண்ணு ஆரம்பத்துல சிரிப்பா, அப்புறம் சிரிக்கிறத விட்டுட்டா. "அம்மா, இத நீ இப்பத்தான கேட்ட"ன்னு மெதுவா சொல்லுவா, அந்த மெதுவாங்கிறதுதான் ரொம்ப வலிக்கும்.

இத வெளிய சொன்னா உடனே வர்ற பதில், "எனக்கும்தான் மறக்குது, வயசாகுதுல்ல". தயவு செஞ்சு யாரும் கேன்சர் ட்ரீட்மெண்ட் எடுத்தவங்ககிட்ட இத சொல்லாதீங்க. ஆறுதலுக்குத்தான் சொல்றீங்கன்னு புரியுது, ஆனா அதுக்கப்புறம் அந்த ஆள் அதப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க.

பேஷண்ட்ஸ் மத்தியில இதுக்குப் பேரு கீமோ ப்ரெய்ன். டாக்டருங்க கேன்சர் சார்ந்த அறிவாற்றல் குறைபாடுன்னு கொஞ்சம் பெருசா சொல்லுவாங்க, ஏன்னா கீமோ மட்டும் காரணம் இல்ல, ஆப்பரேஷன், மயக்க மருந்து, ரேடியேஷன், ஹார்மோன் மாத்திரை, ஏன் கேன்சரே கூட காரணமா இருக்கலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவங்கள ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணிப் பாத்த ஆராய்ச்சிகள்ல, கீமோ ஒரு சொட்டு கூட ஏறாத நிலையிலயே ஒரு பகுதிப் பேருக்கு ஞாபகம், கவனம் குறைஞ்சிருந்திருக்கு. இது எவ்ளோ பேருக்கு வருதுன்னு கேட்டீங்கன்னா, 2017ல அமெரிக்கால வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்த 581 பேரயும் கேன்சர் இல்லாத 364 பேரயும் ஒண்ணா வச்சுப் பாத்தாங்க. கீமோ முடிஞ்சு ஆறு மாசத்துக்கு அப்புறமும் முன்ன விட மோசமா இருக்குன்னு சொன்னவங்க கீமோ எடுத்தவங்கள்ல 36.5%, எடுக்காதவங்கள்ல 13.6%. இந்த நம்பர படிச்ச அன்னிக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு, மூணுல ஒருத்தருக்கு மேல இருக்கு, நான் கற்பனை பண்ணிக்கல.

டாக்டர்கிட்ட சொன்னப்போ மொதல்ல "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும், நல்லா தூங்குங்க"ன்னு வந்துச்சு. விடாம கேட்டதுல ஒரு நியூரோ சைக்காலஜிஸ்ட்கிட்ட, அதாவது ஞாபகம் கவனம் இதெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாக்குறவங்ககிட்ட, அனுப்பினாங்க. அங்க வார்த்த லிஸ்ட் ஒண்ண வாசிச்சுட்டு திருப்பி சொல்லச் சொல்லுவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேப்பாங்க, நம்பரையும் எழுத்தையும் மாத்தி மாத்தி கோடு போட்டு இணைக்கணும், ஒரே எழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தைகள ஒரு நிமிஷத்துல எவ்ளோ முடியுமோ சொல்லணும். எல்லாம் பண்ணேன். ரிசல்ட் வந்தா என் வயசுக்கும் படிப்புக்கும் நார்மல்.

சந்தோஷப்படணும்ல? எனக்கு அழுகதான் வந்துச்சு. அப்போ நான் பொய் சொல்றேனா, சோம்பேறியா, டிப்ரஷனா, என்னதான் எனக்கு? அவங்கதான் உக்கார வச்சு பொறுமையா சொன்னாங்க, டெஸ்ட் நடக்குற ரூம்ல சத்தம் இல்ல, ஃபோன் இல்ல, ஒரு நேரத்துல ஒரு வேலைதான், நீங்க முழு சக்தியும் போட்டு பண்றீங்க, அதனால மார்க் வந்துடும், அதுக்கு உங்க மூளை எவ்ளோ செலவு பண்ணுச்சுன்னு இந்த டெஸ்ட் காட்டாதுன்னு. உண்மையும் அதுதான், அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் கட்டைய போட்ட மாதிரி தூங்கினேன்.

அப்புறம் நான் தேடிப் படிச்சதுல என் மனசுல அப்படியே ஒட்டிக்கிட்டது 2007ல வந்த ஒரு ரெட்டையர் ஆராய்ச்சி. ஒரே மாதிரி ஜீன் உள்ள ரெண்டு அக்கா தங்கச்சி, ஒருத்தருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோ எடுத்திருக்காங்க, இன்னொருத்தருக்கு ஒண்ணும் இல்ல. டெஸ்ட்ல ரெண்டு பேருக்கும் பெருசா வித்தியாசமே இல்ல, ஆனா கீமோ எடுத்தவங்க தனக்கு ஞாபகப் பிரச்சனை இருக்குன்னு சொன்னாங்க. ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வச்சு அதே மாதிரி ஞாபக வேலைய குடுத்துப் பாத்தா கீமோ எடுத்தவங்களோட மூளைல ரொம்ப அதிகமான இடம் வேலை செஞ்சிருக்கு. பதில் ஒண்ணுதான், உழைப்பு வேற. எதிர்காத்துல சைக்கிள் மிதிக்கிறவனும் காத்தே இல்லாம மிதிக்கிறவனும் ஒரே நேரத்துக்கு போய் சேந்துட்டா பாக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், தொடை வலி யாருக்குன்னு மிதிச்சவன்கிட்டதான் கேக்கணும். ஒரு ஜோடிய வச்சு மொத்த உலகத்துக்கும் முடிவு சொல்ல முடியாதுதான், ஆனா என் நிலைமைய இவ்ளோ சரியா வேற எதுவும் சொல்லல.

இது புரிஞ்சதுக்கு அப்புறம் என் கேள்வியே மாறிடுச்சு. என் அறிவு போயிடுச்சாங்கிற பயத்த விட்டுட்டு, ஒரு நாளைக்கு எனக்கு கெடைக்கிற மூளை சக்தி எவ்ளோ, அத எதுல செலவு பண்றேன்னு பாக்க ஆரம்பிச்சேன். கீழ சொல்றது எல்லாமே இதுல இருந்துதான் வருது.

அதுக்கு முன்னாடி, ஏன் வருதுன்னு சுருக்கமா. எனக்குக் குடுத்த மருந்துகள்ல டாக்ஸோரூபிசின் ஒண்ணு, அது மூளைக்குள்ள பெருசா நுழையுறதே இல்ல, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. ஆனா அது உடம்புல கெளப்புற அழற்சில இருந்து வர்ற சைட்டோகைன்ங்கிற ரசாயனங்கள் மூளைய பாதிக்கும். மூளை நரம்புகளுக்கு மேல மயலின்னு ஒரு உறை இருக்கு, சிக்னல் வேகமா போறதுக்கு அதுதான் காரணம். 2018ல ஸ்டான்ஃபோர்ட்ல எலிகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற கீமோ மருந்த குடுத்துப் பாத்ததுல, மூளைல இருக்கிற மைக்ரோக்ளியாங்கிற காவல் செல்கள் உசுப்பேறிப் போய் மத்த செல்களையும் கெடுத்து மயலின் சரியா உருவாகாம பண்ணிடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. புது ஞாபகங்கள பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ்ல புது நரம்பு செல் உருவாகுறதும் கொறையுதுன்னு எலி ஆராய்ச்சிகள் சொல்லுது. சிக்னலே மெதுவா போனா வார்த்தை லேட்டாதான் வரும், என்ன பண்றது. இது போக கீமோவோட குடுக்குற டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு போடுற நாள்ல தூக்கம் சுத்தமா போயிடும், கீமோவால மாதவிடாய் திடீர்னு நின்னா அதுவும் மூளைய மந்தமாக்கும். அப்புறம் டமாக்ஸிஃபென், நான் முன்னாடி சொன்ன ஹார்மோன் மாத்திரைல ஒண்ணு. 2010ல வந்த ஒரு ஆராய்ச்சில டமாக்ஸிஃபென் எடுத்தவங்களுக்கு வார்த்தை ஞாபகமும் திட்டமிடுற திறனும் கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சு, எக்ஸமெஸ்டேன்ங்கிற இன்னொரு ஹார்மோன் மாத்திரை எடுத்தவங்களுக்கு அப்படி தெரியல. இதப் படிச்சுட்டு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, கேன்சர் திரும்ப வராம இருக்க அது குடுக்குற பாதுகாப்பு ரொம்ப பெருசு, டாக்டர்கிட்ட பேசுங்க அவ்ளோதான்.

மொதல்ல செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, அத எனக்கு யாரும் சீக்கிரம் சொல்லல. எல்லாத்தையும் கீமோ ப்ரெய்ன் தலைல போட்டுடாதீங்க, சரி பண்ணக்கூடிய காரணம் ஏதாவது இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ஹீமோக்ளோபின், தைராய்டு, பி12, சோடியம், கால்சியம், சுகர் இதெல்லாம் சாதாரண ரத்த டெஸ்ட்டுதான். இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்திய கேன்சருக்கு எதிரா தூண்டி விடுற ட்ரீட்மெண்ட், எடுக்குறவங்களுக்கு தைராய்டு, பிட்யூட்டரி சுரப்பிங்க அடி வாங்குறது நடக்கும், அவங்க இன்னும் கவனமா இருக்கணும். எனக்கு ஹீமோக்ளோபின் நல்லா கொறைஞ்சிருந்துச்சு, அது ஏறுனதும் ஒரு அளவுக்கு வெளிச்சம் வந்துச்சு. அடுத்து மாத்திரை லிஸ்ட். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, வாந்திக்கு குடுக்குற சில மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் கடைல வாங்குற பழைய வகை அலர்ஜி மாத்திரை இதெல்லாமே மூளைய மந்தமாக்கும். நீங்க சாப்பிடுற எல்லாத்தையும், கடைல நீங்களா வாங்கினதையும் சேத்து, ஒரு பேப்பர்ல எழுதி டாக்டர்கிட்டயோ ஃபார்மசிஸ்ட்கிட்டயோ காட்டுங்க, எது இப்போ தேவையில்லன்னு அவங்க சொல்லட்டும். டிப்ரஷனும் பதட்டமும் இதே மாதிரி அறிகுறிதான் காட்டும், கூடவே சேந்தும் வரும். அதனால மனநல டாக்டர்கிட்ட அனுப்பினா நம்மள நம்பலன்னு கோவிச்சுக்க வேண்டியதில்ல.

சரி, எனக்கு எது வேலை செஞ்சுச்சு.

ஒரு நேரத்துல ஒரே வேலை. கேக்க ஈஸியா இருக்கும், பழக ரொம்ப நாளாச்சு, ஏன்னா நான் ஃபோன்ல பேசிக்கிட்டே என்ட்ரி போட்டுக்கிட்டே மெயில் பாத்தவ, அதுல ஒரு பெருமையும் இருந்துச்சு. இப்போ யாராவது வந்து பேசினா கைய கீபோர்ட்ல இருந்து எடுத்துடுவேன். பாதில விட்ட வேலைல எந்த இடத்துல நிக்குறேன், அடுத்து என்ன பண்ணணும்னு ஒரு வரி எழுதி வச்சுட்டுத்தான் அவங்க பக்கமே திரும்புவேன், "ஒரு நிமிஷம் இருங்க"ன்னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்கல. அந்த ஒரு வரிதான் என்ன காப்பாத்துச்சு, இல்லன்னா திரும்பி வந்து மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அந்தத் திரும்ப ஆரம்பிக்கிறதுதான் சக்திய உறிஞ்சுறதே.

நம்பர வாய்விட்டு சொல்றேன். ஏழு இலக்கத்த மூணு நாலா ஒடச்சு, முணுமுணுத்துக்கிட்டே டைப் பண்ணுவேன். அடுப்ப அணைச்சுட்டேன், கதவ பூட்டிட்டேன், மாத்திரை போட்டுட்டேன், இதெல்லாமும் சத்தமா சொல்லுவேன். பைத்தியம் மாதிரி இருக்கும், இருக்கட்டும். கண்ணால பாத்தது, வாயால சொன்னது, காதுல விழுந்ததுன்னு மூணு வழில பதியுது, ஒரு வழில தொலைஞ்சது இன்னொரு வழில கெடைக்குது.

ஒரே ஒரு நோட்டு. மொதல்ல ஃபோன்ல ஒரு ஆப், சுவத்துல ஸ்டிக்கர், கைப்பைல துண்டுப் பேப்பர்னு எல்லா எடத்துலயும் எழுதினேன், எங்க எழுதினேங்கிறத தேடுறதே ஒரு வேலையாப் போச்சு. இப்போ ஒரு சின்ன நோட்டு எப்பவும் கூடவே இருக்கும், எல்லாம் அதுக்குள்ளதான். நேரம் முக்கியமானது மட்டும் ஃபோன் அலாரத்துல. மாத்திரைக்கு கிழமை போட்ட டப்பா. இதப் பத்தி பேசவே வேண்டாம், ஞாபகத்த நம்பி யாரும் மாத்திரை சாப்பிடக்கூடாது, போட்டோமா இல்லையான்னு தெரியாம ரெண்டு தடவ போட்டுட்டா வம்பு.

எந்த நேரத்துல மூளை நல்லா ஓடுதுன்னு கொஞ்ச நாள் குறிச்சு வச்சுப் பாத்தேன். எனக்கு காலைல. அதனால சரிபாக்குறது, பணம் சம்பந்தப்பட்டது, டாக்டர் அப்பாயின்ட்மெண்ட், கஷ்டமான பேச்சு எல்லாம் காலைல. மதியத்துக்கு மேல ஃபைல் அடுக்குறது, காப்பி எடுக்குறது. சாயங்காலத்துக்கு மேல கையெழுத்து போடுறதில்ல, ஆன்லைன்ல பணம் அனுப்புறதில்ல, இது கறாரான ரூல். வண்டி ஓட்டுறதும் அப்படித்தான், தல மந்தமா இருக்கிற நாள்ல சாவியவே தொடமாட்டேன்.

ஆபீஸ்ல சொல்றதா வேண்டாமாங்கிறதுல நான் ரொம்ப குழம்பினேன், இதுக்கு எல்லாருக்கும் பொருந்துற பதில் கிடையாது, உங்க மேலதிகாரி எப்படிப்பட்டவர்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் நோயோட பேர விவரிக்காம என்ன தேவைங்கிறத மட்டும் கேட்டேன். வாய்மொழியா சொல்ற வேலைய மெயில்ல ஒரு வரி போடுங்க சார், மீட்டிங் முடிஞ்சதும் முடிவானத எழுதி அனுப்புறேன் தப்பா இருந்தா சொல்லுங்க, மாசக் கடைசி கணக்க இன்னொருத்தர் ஒரு தடவ பாக்கட்டும். இதுக்கு யாருமே மறுப்பு சொல்லல, சொல்லப்போனா அந்த மெயில் பழக்கத்த பக்கத்து டீமும் எடுத்துக்கிட்டாங்க. முடிஞ்சா மொதல் கொஞ்ச வாரம் அரை நாள் வேலைன்னு கேளுங்க, முழு நாள்ல குதிச்சுட்டு அப்புறம் பின்வாங்குறத விட இது எவ்வளவோ மேல்.

உடற்பயிற்சி பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்றேன், ஏன்னா இதுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு, முக்கியமா களைப்பு கொறையுதுங்கிறதுக்கு நல்லாவே இருக்கு, ஞாபகத்துக்கு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமானதுன்னு பொதுவா சொல்லுவாங்க. ட்ரீட்மெண்ட்ல இருக்கிறப்போ அந்த நம்பர பாத்து பயப்படாதீங்க, நான் வாசல் வரைக்கும் போய்ட்டு வந்ததெல்லாம் ஒரு காலம். டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு மெதுவா ஏத்துங்க.

மூளைக்கு ட்ரெய்னிங் குடுக்குற கேம் ஆப்புங்க? ஆஸ்திரேலியால 242 பேர வச்சு ஒரு ட்ரயல் பண்ணி 2017ல வெளியிட்டாங்க, கம்ப்யூட்டர்ல பயிற்சி பண்ணவங்க எங்களுக்கு பரவால்லன்னு சொன்னாங்க, ஆனா ஞாபக டெஸ்ட் மார்க்ல வித்தியாசம் தெரியல. தெனசரி வாழ்க்கைல சமாளிக்கிற வழிய சொல்லிக்குடுக்குற பயிற்சி, அதாவது எந்த சூழ்நிலைல தடுமாறுறோம்னு கண்டுபிடிச்சு அதுக்கு வழி பண்றது, அதுதான் எனக்கு உபயோகமா இருந்துச்சு, நியூரோ சைக்காலஜிஸ்ட்டோ, தெனசரி வேலைகள செய்யப் பழக்கி விடுற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ கெடைச்சா கேட்டுப் பாருங்க. ஞாபகசக்திக்குன்னு விக்கிற ஜிங்கோங்கிற மூலிகை மாத்திரை கீமோ எடுக்குறவங்களுக்கு உதவுதான்னு ட்ரயல் நடத்தி பாத்துட்டாங்க, உதவல. அதுக்கு மேல ரத்தம் கசியுற ஆபத்து வேற. ஞாபகசக்திக்குன்னு டப்பால விக்கிற எதையும் உங்க கேன்சர் டாக்டர்கிட்ட கேக்காம வாங்காதீங்க, கீமோ மருந்தோட எது எப்படி மோதும்னு நமக்குத் தெரியாது.

வீட்ல இருக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். வார்த்தைக்கு தடுமாறும்போது உடனே எடுத்துக் குடுக்கணுமா, காத்திருக்கணுமான்னு அவங்ககிட்டயே கேட்டுடுங்க. எனக்கு எடுத்துக் குடுத்தா பிடிக்கும், என் கூட ட்ரீட்மெண்ட் எடுத்த ஒரு அக்காவுக்கு அப்படி பண்ணா கோவம் வரும். ரெண்டாவது, டாக்டர் ரூமுக்குள்ள கூட போங்க, எழுதிக்கோங்க. அவ்ளோ முக்கியமான விஷயத்த, அவ்ளோ வேகமா, அவ்ளோ களைச்சுப்போன மூளைகிட்ட சொல்ற இடம் வேற எதுவும் இல்ல. டாக்டர் சரின்னு சொன்னா ஃபோன்ல ரெக்கார்டும் பண்ணிக்கலாம்.

இதோட குழப்பிக்கக்கூடாத ஒண்ணு இருக்கு. கீமோ ப்ரெய்ன் மெதுவா வர்றது, மெதுவா போறது. திடீர்னு ஆள் அடையாளம் தெரியல, நேரம் இடம் புரியல, பேச்சு குழறுது, ஒரு பக்கம் கை கால் வரல, வலிப்பு, எப்பவும் இல்லாத தலவலியோட வாந்தி, காய்ச்சலோட உளறல் இதெல்லாம் அது இல்ல, அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி போகணும். கிருமித் தொற்றா இருக்கலாம், கால்சியம் ஏறியிருக்கலாம், மூளைக்குப் பரவியிருக்கலாம், ஐஃபோஸ்ஃபமைட் மாதிரி சில கீமோ மருந்து நேரடியாவே குழப்பத்த உண்டாக்கும். கார் டி செல் தெரபின்னு ஒண்ணு இருக்கு, நம்ம எதிர்ப்பு செல்களையே எடுத்து மாத்தி திரும்ப ஏத்துறது, அதுவும் இப்படி திடீர்க் குழப்பத்த உண்டாக்கலாம். அத எடுக்குறவங்கள அதனாலதான் தெனமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி, 100ல இருந்து பத்து பத்தா கொறைச்சு சொல்லச் சொல்லி பாப்பாங்க, கையெழுத்து கோணினாலே அவங்களுக்கு அது ஒரு எச்சரிக்கை.

மூளைக்கே ரேடியேஷன் எடுக்குறவங்க கதை வேற, அங்க பாதிப்பு பல மாசம் கழிச்சு கூட வரலாம், நான் சொன்ன சமாளிப்பு மட்டும் பத்தாது. முழு மூளைக்கும் ரேடியேஷன்னு சொன்னாங்கன்னா, ஹிப்போகேம்பஸ விட்டுட்டு குடுக்க முடியுமா, கூட மறதி நோய்க்கு குடுக்குற மெமான்டைன் மாத்திரை எனக்குப் பொருந்துமான்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. இது ரெண்டையும் சேத்து குடுத்தா ஞாபகம் கெடுறது கொறையுதுன்னு 2020ல ஒரு பெரிய ட்ரயல் வந்திருக்கு, ஆனா கட்டி இருக்கிற எடத்தப் பொறுத்து எல்லாருக்கும் பண்ண முடியாது.

எவ்ளோ நாள் இருக்கும்னு கேட்டா, நெறைய பேருக்கு ட்ரீட்மெண்ட் முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள நல்லா கொறைஞ்சுடுது, சில பேருக்கு வருஷக்கணக்கா மிச்சம் இருக்கு. நெதர்லாந்துல பழைய வகை கீமோ எடுத்து சராசரியா 21 வருஷம் ஆன பெண்கள டெஸ்ட் பண்ணி, அப்பவும் சின்ன வித்தியாசம் இருக்குன்னு 2012ல சொன்னாங்க. சின்னதுங்கிறத கவனிங்க. என் விஷயத்துல நம்பர் திரும்ப வந்துடுச்சு, இன்வாய்ஸ ஒரே தடவ பாத்து டைப் பண்ணிடுவேன். வார்த்தை இன்னும் சாயங்காலமானா தட்டுது, ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா இன்னும் தலைய பிச்சுக்குது. டமாக்ஸிஃபென் ஓடிக்கிட்டு இருக்கு, அதோட பங்கு எவ்ளோன்னு அடுத்த செக்கப்ல கேக்கணும், நோட்டுல மொத வரியா எழுதி வச்சிருக்கேன்.